பெரியம்மாவின் பணம், அத்தையின் வீடு
விக்டோரியா காலக் குடும்ப வரலாற்றில் மணமாகாத பெண்களைத் தேடுவது பற்றி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



குடும்ப வரலாற்று ஆய்வு என்னும் துறையில் இருந்து ஒரு பொருளை எடுத்துப் பேச வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். விக்டோரியா அரசியின் காலத்து இங்கிலாந்தை, அதாவது 1837 முதல் 1901 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டேன். கூலிக்காரரின் குடும்பத்தைக்கூடப் பெயர் பெயராக, வீடு வீடாகப் பின்தொடரும் அளவுக்கு ஆவணங்கள் பெருகிய காலம் அது. அவ்வளவு ஆவணம் இருந்தும், அந்தக் காலத்துக் குடும்பங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு வகை மனிதரைத் தொடர்ந்து விட்டுவிடுகிறார்கள். மணமாகாமலே வாழ்ந்து முடித்த அத்தை, சித்தி, பெரியம்மா, மகள், அக்கா, தங்கை ஆகியோரைச் சொல்கிறேன்.

அவர்களை விட்டுவிட்டு எழுதினால் அந்தக் குடும்பத்தில் எது எப்படி நடந்தது என்பதையே நாம் தவறாக எழுதிவிடுவோம். இன்று நான் நிறுவ விரும்புவது அதைத்தான்.

கொடிவழிப் படம் வரைகிறவர் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குக் கோடு இழுக்கிறார். பிள்ளை இல்லாதவரிடமிருந்து இழுக்கக் கோடு இல்லை. ஒரு பெயர், அடைப்புக்குறிக்குள் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும், அத்துடன் அவர் கதை முடிகிறது. ஆனால் அந்தக் காலத்தில் பணமும் கடிதங்களும் புத்தகங்களும் வீட்டுப் பொறுப்பும் போன வழி வேறாகவும் இருந்தது. அவை பெரியம்மாவிடமிருந்து தங்கை மகளுக்கும், அத்தையிடமிருந்து அண்ணன் மகளுக்கும் போயின. கொடிவழிப் படத்தில் அந்தக் கோட்டுக்கு இடமே கிடையாது.

மிகையான பெண்கள் என்ற கவலை

முதலில் காலப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1851-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிரேட் பிரிட்டனில் ஆண்களைவிடப் பெண்கள் 5 லட்சத்துக்கும் அதிகமாக இருப்பது தெரியவந்தது. ஆண்கள் குடியேற்ற நாடுகளுக்குப் போனார்கள். படையிலும் கப்பலிலும் சேர்ந்தார்கள். இளம் வயதில் இறப்பதும் ஆண்களிடையே அதிகம். நடுத்தர வர்க்கத்து ஆண்கள் வருமானம் கைக்கு வரும்வரை மணம் முடிக்காமல் தள்ளிப்போட்டார்கள். எல்லாம் சேர்ந்து, வாழ்நாள் முழுதும் மணமாகாத பெண்களின் எண்ணிக்கை எல்லோர் கண்ணிலும் பட்டது.

1862-இல் வில்லியம் ராத்போன் கிரெக் என்ற கட்டுரையாளர், இப்படிப் பெண்கள் மிகையாகிப்போனது ஏன் என்று கேட்டு ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவர்களைக் கப்பலேற்றிக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பலாம் என்பது அவர் சொன்ன வழிகளில் ஒன்று. அதே ஆண்டு பிரான்சிஸ் பவர் காப் என்ற பெண், தாமே மணமாகாதவர், அவருக்குப் பதில் எழுதினார். பெண்களுக்குப் படிப்பும் வேலையும் கொடுத்துவிட்டால், மணம் என்பது பிழைப்புக்கு வழியாக இல்லாமல் விருப்பமாக இருக்கும் என்பது அவர் வாதம். இந்தச் சண்டையை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். குடும்ப ஆவணங்களில் மணமாகாத பெண்ணைப் பற்றி எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும், அவளை ஒரு சிக்கலாகப் பார்த்த சமுதாயத்துக்குள் இருந்து எழுதப்பட்டது.

ஹாவர்த் பாதிரியார் வீட்டில் ஒரு பெரியம்மா

எடுத்துக்காட்டுக்கு நீங்கள் எல்லோரும் அறிந்த ஒரு குடும்பத்துக்குப் போவோம். யார்க்ஷயரில் ஹாவர்த் என்ற ஊர். அங்கே பாதிரியாராக இருந்த பாட்ரிக் பிராண்ட்டியின் மனைவி மரியா 1821-இல் இறந்தார். ஆறு குழந்தைகள், மூத்தவளுக்கே ஏழு வயதுதான். மரியாவின் அக்கா எலிசபெத் பிரான்வெல், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருந்த பென்சான்ஸ் ஊர்க்காரர், மணமாகாதவர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்தார். 1842 அக்டோபரில் இறக்கும்வரை அந்த வீட்டிலேயே இருந்தார்.

பிராண்ட்டி சகோதரிகளைப் பற்றி எழுதியவர்கள் இந்தப் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னது என்ன? எலிசபெத் காஸ்கெல் 1857-இல் எழுதிய வரலாற்றில், கல் தரையின் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே கட்டைச் செருப்பு மாட்டிக்கொண்டு படியேறி இறங்கும் பெண்ணாக அவர் வருகிறார். வேறு நினைவுக்குறிப்பு ஒன்றில் தங்க டப்பாவிலிருந்து மூக்குப்பொடி எடுக்கிறார். செருப்புச் சத்தமும் மூக்குப்பொடியும் மக்கள் மனதில் தங்கிவிட்டன.

இப்போது அவருடைய உயிலை எடுத்துப் பாருங்கள். 1833-இல் எழுதப்பட்டு, அவர் இறந்த பிறகு 1842 டிசம்பரில் திருச்சபை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. தங்கை மகள் சார்லட்டுக்குத் தன் இந்தியத் தையல் பெட்டி. எமிலிக்குச் சீனப் பீங்கான் மூடி போட்ட தையல் பெட்டியும் தந்த விசிறியும். ஆன்னுக்குக் கடிகாரமும் அதைச் சேர்ந்தவையும். அவர்களின் சகோதரன் பிரான்வெல்லுக்கு ஒரு ஜப்பானியப் பாணி ஒப்பனைப் பெட்டி. மோதிரங்கள், வெள்ளிக் கரண்டிகள், புத்தகங்கள், துணிமணிகள் ஆகியவற்றைப் பெண்களுக்குள் எப்படிப் பிரிப்பது என்று அவர்களின் தந்தையே தீர்மானிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். எந்தப் பெண்ணுக்கு எது பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்து எழுதிய கை அது.

அடுத்து வருவது பணம். கையிருப்பு முழுவதையும் நான்கு பெண்களுக்குச் சம பங்காக எழுதிவைத்தார். மூவர் சார்லட், எமிலி, ஆன். நான்காமவர் பென்சான்ஸில் இருந்த இன்னொரு சகோதரியின் மகள். ஆளுக்குச் சுமார் 300 பவுண்டு வந்தது. ஆண்பிள்ளை பிரான்வெல்லுக்குப் பணம் இல்லை. ஆண் உழைத்துப் பிழைத்துக்கொள்வான், பெண்ணுக்குத்தான் கையில் ஏதாவது வேண்டும் என்பதைத் தன் வாழ்க்கையிலிருந்தே அறிந்தவர் அவர். தந்தையின் சொத்திலிருந்து ஆண்டுக்கு 50 பவுண்டு அவருக்கு வந்துகொண்டிருந்தது. அந்தத் தொகை இருந்ததால்தான் தங்கை கணவரின் வீட்டில் அவர் யாருக்கும் பாரமாக இல்லாமல் வாழ முடிந்தது.

அந்தப் பணம் என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். அவர் உயிரோடு இருந்தபோதே, சார்லட்டும் எமிலியும் 1842-இல் பிரஸ்ஸல்ஸுக்குப் படிக்கப் போகப் பணம் கொடுத்தார். பிரஸ்ஸல்ஸ் இல்லாமல் 'வில்லெட்' நாவல் இல்லை. அவர் விட்டுச்சென்ற பங்கைச் சகோதரிகள் ரயில்வே பங்குகளில் போட்டார்கள். அந்தக் கணக்கை எமிலி பார்த்துக்கொண்டார். 1846-இல் மூவரும் ஆண் பெயர் போல ஒலிக்கும் புனைபெயர்களில் ஒரு கவிதைத் தொகுப்பைச் சொந்தச் செலவில் அச்சிட்டார்கள். அச்சகத்தார் முதலில் கேட்டது 31 பவுண்டு 10 ஷில்லிங். விற்றது இரண்டே பிரதிகள். ஆனால் அந்தப் புத்தகம்தான் அவர்களை அச்சுலகத்துக்குள் கொண்டுவந்தது. 1847-இல் 'ஜேன் அயர்', 'வதரிங் ஹைட்ஸ்', 'ஆக்னஸ் கிரே' மூன்றும் வெளிவந்தன. பின்னிரண்டையும் வெளியிட்டவர் ஆசிரியர்களிடம் 50 பவுண்டு முன்பணம் வாங்கிக்கொண்டுதான் அச்சேற்றினார்.

பெரியம்மா விட்டுச்சென்ற பணம் இல்லாவிட்டால் மூன்று சகோதரிகளும் ஏதோ ஒரு செல்வர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கக்கூடும். ஆங்கில நாவலின் வரலாற்றில் எலிசபெத் பிரான்வெல்லுக்கு உரிய இடம் இது. கொடிவழிப் படத்தில் அவர் பெயருக்குக் கீழே ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் ஒரு சட்ட விவரத்தையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் மனைவி இறந்தால் அவள் தங்கையையே இரண்டாந்தாரமாகக் கட்டிவைத்த குடும்பங்கள் உண்டு. இங்கிலாந்தில் திருச்சபைச் சட்டம் அதை முன்பே ஏற்கவில்லை. 1835-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அப்படிச் செய்த மணம் அடியோடு செல்லாது. 1907 வரை அந்த நிலை நீடித்தது. மனைவியை இழந்தவர் வீட்டில் மனைவியின் சகோதரி குடும்பத்தை நடத்துவது விக்டோரியா காலத்தில் மிகச் சாதாரணமாக இருந்தது என்றால், அதற்கு இந்தச் சட்டமும் காரணம். அவர் மனைவியாக முடியாது. ஆகவே அந்த வீட்டில் அவர் இருப்பதை யாரும் தவறாக நினைக்கவும் இல்லை.

எங்கே தேடுவது

இனி தேடும் முறைக்கு வருகிறேன். மாணவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

மணமாகாத பெண்ணைப் பின்தொடர்வதில் ஒரு வசதி இருக்கிறது: அவர் பெயர் மாறுவதில்லை. திருமணமான பெண் பத்திரத்தில் வேறு குடும்பப் பெயருக்குள் மறைந்துபோவார்; மணமாகாதவர் ஞானஸ்நானப் பதிவு முதல் கல்லறை வரை ஒரே பெயரில் வருகிறார். தேடுவது எளிது. தேட வேண்டும் என்று தோன்றாததுதான் குறை.

முதல் ஆவணம் பத்து ஆண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கு. குறிப்பிட்ட ஓர் இரவில் வீட்டில் தங்கியிருந்த ஒவ்வொருவர் பெயரையும் அது பதிவு செய்தது. 1841 கணக்கில் கவனம் வேண்டும். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். அந்த ஆண்டு 64 வயதாக இருந்த எலிசபெத் பிரான்வெல் விதிப்படி 60 ஆகிவிடுவார். வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்றும் அதில் எழுதவில்லை. உறவு, மணநிலை, பிறந்த ஊர் ஆகியவை 1851 முதல்தான் வருகின்றன. அதன் பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் அவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று வரிசையாகப் பாருங்கள். ஒரு கணக்கில் பெற்றோர் வீடு. அடுத்ததில் பிரசவம் நடந்த அக்கா வீடு. அதற்கடுத்து மனைவியை இழந்த தம்பி வீடு. கடைசியில் ஒரு கடலோர ஊரில் இன்னொரு மணமாகாத தோழியோடு வாடகை அறை. குடும்பத்தில் எப்போது எங்கே நெருக்கடி வந்தது என்பதை அந்த இடமாற்றங்களே சொல்லிவிடும்.

அழைக்கும் முறையில் ஒரு பொறி இருக்கிறது. மணமாகாத சகோதரிகளில் மூத்தவர் மட்டுமே குடும்பப் பெயரோடு 'மிஸ்' என்று அழைக்கப்படுவார். இளையவர்களுக்கு 'மிஸ்' என்பதோடு அவர்கள் பெயரும் சேரும். மூத்தவருக்கு மணமாகிவிட்டால் அடுத்தவர் அந்த இடத்துக்கு வந்துவிடுவார். ஆகவே ஒரு கடிதத்தில் வரும் 'மிஸ் டார்வின்' வேறு, சில ஆண்டு கழித்து வரும் 'மிஸ் டார்வின்' வேறு பெண்ணாக இருக்கலாம். மறுபக்கம், பெரிய வீடுகளில் தலைமைச் சமையல்காரிக்கும் வீட்டு நிர்வாகிக்கும் மணமாகாவிட்டாலும் மரியாதைக்காக 'மிசஸ்' போடுவார்கள். 'மிசஸ்' என்று பார்த்தவுடன் கணவனைத் தேடி அலையாதீர்கள்.

இரண்டாவது ஆவணம் இறப்புச் சான்றிதழ். இங்கிலாந்தில் 1837 ஜூலை முதல் பிறப்பு, மணம், இறப்பு ஆகியவை அரசாங்கப் பதிவில் வருகின்றன. ஆணின் இறப்புச் சான்றிதழில் தொழிலுக்கான கட்டத்தில் அவர் தொழில் இருக்கும். மணமாகாத பெண்ணுக்கு அதே கட்டத்தில் பெரும்பாலும் இன்னாரின் மகள் என்று எழுதி, தந்தையின் தொழிலையும் சேர்த்திருப்பார்கள். எழுபது வயதுப் பெண்ணையும் தந்தையை வைத்தே அடையாளம் காட்டியது அந்தக் காலத்தின் மனநிலை. ஆனால் ஆய்வாளருக்கு அது பொன் கிடைத்தது போல: ஒரு தலைமுறை மேலே போவதற்கான வழி அந்த ஒரு கட்டத்தில் கிடைத்துவிடும். தகவல் தந்தவர் பெயரையும் பாருங்கள். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தது அநேகமாக ஒரு தங்கை மகளோ அண்ணன் மகளோதான்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, உயில். மணமான பெண்ணின் சொத்து, 1882-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, பெரும்பாலும் கணவனின் கைக்குள் இருந்தது. 21 வயது நிரம்பிய மணமாகாத பெண்ணுக்கோ தன் சொத்தைத் தன் விருப்பப்படி எழுதிவைக்க முழு உரிமை இருந்தது. 1858 ஜனவரிக்கு முன்பு உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களில் மெய்ப்பிக்கப்பட்டன. அதற்குப் பிறகு அரசு உயில் பதிவகத்துக்கு வந்தன. அதன் அச்சுப் பட்டியலில் ஆண்டுவாரியாக, அகர வரிசையில், பெயரும் முகவரியும் இறந்த நாளும் சொத்தின் மதிப்பும் இருக்கும். பெண்ணாக இருந்தால் மனைவியா, கைம்பெண்ணா, மணமாகாதவரா என்பதும் இருக்கும்.

தந்தையின் உயில் குடும்பத்தின் சட்டப்படியான வடிவத்தைக் காட்டுகிறது: மூத்த மகனுக்கு வீடு, மற்றவர்களுக்குத் தொகை. அத்தையின் உயில் குடும்பத்தின் மெய்யான நேசங்களைக் காட்டுகிறது. யாருக்குக் கடிகாரம், யாருக்குக் கடிதப் பெட்டி, எந்த வேலைக்காரிக்கு ஆண்டுத்தொகை, எந்த மருமகளுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதெல்லாம் அதில்தான் கிடைக்கும். கணவனும் பிள்ளையும் இல்லாததால், தனக்கு வேண்டியவர்கள் எல்லோரையும் பெயர் சொல்லி எழுதவேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது.

மூன்று சதவீத வட்டியில் ஒரு வாழ்க்கை

கணக்கெடுப்பில் இந்தப் பெண்களுக்கு நேரே தொழில் என்ற இடத்தில் 'ஆண்டுத்தொகை பெறுபவர்', 'சொந்த வருமானத்தில் வாழ்பவர்' போன்ற சொற்களை அடிக்கடி பார்ப்பீர்கள். சொந்த வருமானம் என்றவுடன் செல்வர் என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு. பலருடைய வருமானம் அரசின் 'கன்சோல்' கடன் பத்திரங்களிலிருந்து வந்த 3 சதவீத வட்டி மட்டுமே. 2,000 பவுண்டு போட்டிருந்தவருக்கு ஆண்டுக்கு 60 பவுண்டு. 1888-இல் நிதியமைச்சர் கோஷன் வட்டியை இரண்டே முக்கால் சதவீதமாகக் குறைத்தார். 1903-இல் அது இரண்டரை சதவீதம் ஆயிற்று. அதே 2,000 பவுண்டுக்கு 60 பவுண்டு 55 ஆகி, பிறகு 50 ஆனது. ஆறில் ஒரு பங்கு வருமானம் போய்விட்டது. அந்த ஆண்டுகளில் ஓர் அத்தை வேலைக்காரியை நிறுத்திவிட்டுச் சிறிய வீட்டுக்கு மாறினார் என்றால், காரணத்தை அவர் குணத்தில் தேடாதீர்கள். வட்டி விகிதத்தில் தேடுங்கள்.

வங்கிப் பங்குகளை நம்பியவர்களுக்கு இதைவிடப் பெரிய அடி விழுந்தது. 1878-இல் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி நொடித்தது. அதன் பங்குதாரர்களுக்குப் பொறுப்பு வரம்பில்லை. போட்ட பணம் போனதோடு, வங்கியின் கடனையும் அவர்களே தங்கள் சொத்திலிருந்து கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பங்குதாரர்களில் மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் நிறையப் பேர் இருந்தார்கள். குடும்ப வரலாற்றில் ஸ்காட்லாந்து அத்தை ஒருவர் அந்த ஆண்டுக்குப் பிறகு திடீரென்று உறவினர் வீட்டில் ஒண்டினால், வங்கியின் பங்குதாரர் பட்டியலை ஒருமுறை பார்ப்பது நல்லது.

அண்ணன் எழுதியதும் தங்கை செய்ததும்

இரண்டாவது எடுத்துக்காட்டு ஸ்டீவன் குடும்பம். சர் ஜேம்ஸ் ஸ்டீவன் பிரிட்டிஷ் குடியேற்ற அலுவலகத்தின் உயர் அதிகாரி. 1833-ஆம் ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டத்தை வரைந்தவர். அவர் மகன் பிட்ஸ்ஜேம்ஸ் 1869 முதல் 1872 வரை கல்கத்தாவில் வைஸ்ராய் கவுன்சிலின் சட்ட உறுப்பினராக இருந்தார். 2024 வரை நம் நாட்டில் நடைமுறையில் இருந்த சாட்சியச் சட்டம் அவர் கைவண்ணம். இளைய மகன் லெஸ்லி, இங்கிலாந்தின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியின் முதல் ஆசிரியர். கடைக்குட்டி கரோலின் எமீலியா, 1834-இல் பிறந்தவர், மணம் செய்துகொள்ளவில்லை.

லெஸ்லி தன் குழந்தைகளுக்காக எழுதிவைத்த நினைவுக் குறிப்பு ஒன்று உண்டு. 1977-இல்தான் அச்சில் வந்தது. அதில் தங்கையைப் பலவீனமான உடம்புக்காரியாகவும் திறமை வீணாய்ப்போன வாழ்க்கையாகவும் காட்டுகிறார். நெடுங்காலம் ஆய்வாளர்களும் அதையே எடுத்து எழுதினார்கள்.

ஆவணங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் என்ன கிடைக்கிறது? 1859-இல் தந்தை இறந்தபின் 1875-இல் தாய் இறக்கும்வரை தாயோடு இருந்து பார்த்துக்கொண்டவர் கரோலின். அதே 1875-இல் லெஸ்லியின் முதல் மனைவி இறந்தார். அண்ணன் வீட்டையும் அவர் சிறுமகளையும் கவனிக்க உடனே போனவரும் கரோலின்தான். அங்கே அவர் உடல்நிலை உடைந்தது. தாயின் கடைசிக் காலத்தைத் தாங்கிய கையோடு இன்னொரு துக்க வீட்டைத் தாங்கப் போன பெண் நோயில் விழுந்தார் என்பது கணக்குக்கு வருகிற செய்தி. அதைப் பிறவிப் பலவீனம் என்று எழுதியவர், அந்தப் பணிவிடையைப் பெற்றுக்கொண்டவர்.

இந்த வேலைகளுக்கு நடுவில் 1871-இல் ஏழைகளுக்கான பெண்களின் தொண்டு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். லண்டன் செல்சியில் எளியவர்கள் வாடகைக்கு இருக்க ஒரு குடியிருப்பு கட்டினார். 1879-இல் குவேக்கர் நெறியில் சேர்ந்தார். 1890-இல் அவர் எழுதிய குவேக்கர் நெறி பற்றிய நூல் அந்தச் சமூகத்தாரால் பல தலைமுறை வாசிக்கப்பட்டது. பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்ற கருத்தும் அவருக்கு இருந்தது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். நம் விருப்பத்துக்கு ஏற்றபடி அத்தைகளை முன்னோடிகளாக ஆக்குவதும் அவர்களை மறைப்பதற்கு இன்னொரு வழிதான்.

1904-இல் லெஸ்லி இறந்தார். அவர் மகள் வர்ஜீனியாவுக்கு அந்த ஆண்டு மனநிலை கடுமையாகக் குலைந்தது. இலையுதிர் காலத்தில் தேறுவதற்காக அவர் தங்கியது கேம்பிரிட்ஜில் இருந்த கரோலின் அத்தை வீட்டில். அமைதியான சின்ன வீடு. அங்கே இருந்துகொண்டுதான் தந்தையின் வரலாற்றை எழுதியவருக்குக் கடிதங்களைப் படித்துக் குறிப்பெடுத்துக் கொடுத்தார். அந்த டிசம்பரில் அவருடைய எழுத்து முதன்முதலாக அச்சில் வந்தது. 1909-இல் கரோலின் இறந்தபோது வர்ஜீனியாவுக்கு 2,500 பவுண்டு எழுதிவைத்திருந்தார்; அவருடைய அக்காவுக்கும் தம்பிக்கும் ஆளுக்கு 100 பவுண்டு. எழுதப் பிறந்தவள் யார், யாருக்குச் சொந்தப் பணம் வேண்டும் என்று அத்தை தெரிந்து செய்திருக்கிறார். நான்கு சதவீதம் கிடைத்தால் ஆண்டுக்கு 100 பவுண்டு வரக்கூடிய தொகை அது.

வர்ஜீனியா உல்ஃப் 1929-இல் வெளியிட்ட 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' நூலை நீங்கள் அறிவீர்கள். ஒரு பெண் எழுத வேண்டுமானால் தனக்கென்று ஓர் அறையும் ஆண்டுக்கு 500 பவுண்டும் வேண்டும் என்பது அதன் வாதம். அந்த 500 பவுண்டைக் கதைசொல்லிக்கு விட்டுச்செல்வது யார்? பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்த ஓர் அத்தை. அந்த அத்தை கற்பனை. அத்தையின் பணத்தால் ஒரு பெண் எழுத்தாளராவது அந்தக் குடும்பத்தில் நடந்த உண்மை.

கரோலின் எழுதிய கட்டுரைகளை 1911-இல் நினைவுக்குறிப்போடு வெளியிட்டவர் காதரின் ஸ்டீவன்: பிட்ஸ்ஜேம்ஸின் மகள், அவரும் மணமாகாதவர், அதே ஆண்டு கேம்பிரிட்ஜின் நியூன்ஹம் கல்லூரிக்கு முதல்வரானவர். காதரினின் தங்கை டோரதியாவும் மணமாகாதவர். இந்தியாவுக்கு ஆசிரியராக வந்து, பழங்கால இந்தியச் சிந்தனையைப் பற்றி 1918-இல் ஒரு நூல் வெளியிட்டார். அத்தையிடமிருந்து மருமகள்களுக்குப் போகும் அந்தக் கோட்டை இங்கே தெளிவாகப் பார்க்கிறோம். அண்ணன் எழுதிய வரலாற்றில் தொலைந்த பெண்ணை, அண்ணன் மகள் எழுதிய வரலாறு மீட்டுக் கொடுக்கிறது.

மறைக்கப்பட்டவர்கள்

அதே ஸ்டீவன் குடும்பத்தில் இன்னொரு மணமாகாத பெண் உண்டு. லெஸ்லியின் முதல் மகள் லாரா, 1870-இல் பிறந்தவர். அறிவு வளர்ச்சியில் குறை உடையவர் என்று கருதப்பட்டு, 1890-களில் எர்ல்ஸ்வுட் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். பிறகு வேறு இடங்கள். 1945-இல் இறக்கும்வரை குடும்பத்தின் பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்தே இருந்தார். வர்ஜீனியா 1941-இல் இறந்தபோது அந்த அக்கா உயிரோடு இருந்தார் என்பது வாசகர் பலருக்குத் தெரியாது. ஒரு கணக்கெடுப்பில் வீட்டில் இருந்த மகள் அடுத்ததில் இல்லை, மணப் பதிவும் இல்லை, இறப்புப் பதிவும் இல்லை என்றால், காப்பகங்களின் பதிவேடுகளையும் பாருங்கள். சில கணக்கெடுப்புகளில் அங்கிருந்தவர்களின் பெயருக்குப் பதில் முதலெழுத்துகளை மட்டும் எழுதியிருப்பார்கள்; வயதையும் பிறந்த ஊரையும் வைத்துத்தான் அடையாளம் காண முடியும்.

ஏழைக் குடும்பங்களில் மணமாகாத மகள் பெரும்பாலும் வீட்டு வேலைக்குப் போனவர். பெற்றோர் வீட்டில் அவரைக் காண முடியாது. எஜமானர் வீட்டுப் பட்டியலின் கடைசி வரிகளில் இருப்பார். இன்னொன்றும் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டிய தாய்க்கு இரண்டு வயதில் ஒரு 'மகள்' இருந்தால், பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தந்தை பெயர் காலியாக இருந்து, தாய் என்ற இடத்தில் வீட்டின் மூத்த மகள் பெயர் இருக்கலாம். பாட்டி தாயாகவும் தாய் அக்காவாகவும் வாழ்ந்த வீடுகள் அவை. இப்படி ஒன்றைக் கண்டால் மரியாதையோடு எழுதுங்கள். பெண்ணையும் குழந்தையையும் தெருவில் விடாமல் காப்பாற்ற அந்தக் குடும்பம் தனக்குத் தெரிந்த வழியைச் செய்தது.

அதைப் போலவே, மணமாகாத ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு தோல்வியுற்ற காதலைக் கற்பிக்கும் பழக்கத்தையும் நாம் விட வேண்டும். கடிதச் சான்று இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால், அவர் என்ன செய்தார், எங்கே இருந்தார், யாருக்கு எதைக் கொடுத்தார் என்பதே போதுமான வரலாறு.

நம் மண்ணில் ஒரு பெயர்

இந்தப் பெண்களின் தடங்கள் சென்னை வரையிலும் வருகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் சென்னை ராணுவ நிதி, இறந்த அதிகாரிகளின் மகள்களுக்கு மணமாகும்வரை உதவித்தொகை கொடுத்தது. மணமாகாமலே இருந்தவர் பெயர் பல்லாண்டுக் காலம் அந்தக் கணக்குகளில் தொடரும். சென்னை மாகாணத்து ஞானஸ்நான, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனில் உள்ள இந்தியா அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன. இங்கிலாந்துக் கணக்கெடுப்பில் காணாமல்போன பெண், மிஷன் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இங்கே இருந்திருக்கலாம். 1895-இல் இந்தியாவுக்கு வந்து, டோனாவூரில் குழந்தைகளை வளர்த்து, தாய்நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பாமல் 1951-இல் மறைந்த எமி கார்மைக்கேல் அம்மையாரைத் திருநெல்வேலிக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

ஆனால் நான் குறிப்பாகச் சொல்ல விரும்புவது, இங்கே வராமலே இங்கே நிலைத்த ஒரு பெண்ணைப் பற்றி. ஜான் தக்கர் என்பவர் சி.எம்.எஸ். மிஷனரி சங்கத்தின் செயலாளராகச் சென்னையில் பணியாற்றினார். அவர் சகோதரி சாராள் தக்கர் மணமாகாதவர். உடல் ஊனத்தால் இங்கிலாந்தை விட்டு நகராதவர். இங்கிருந்து போன செய்திகளைக் கொண்டு 1840-களில் தென்னிந்தியப் பணி குறித்து ஒரு நூல் எழுதினார். நைஜீரியாவின் அபியோகுட்டா நகரம் பற்றியும் 1853-இல் எழுதினார். அதையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. 1857-இல் அவர் இறந்தபின் நண்பர்கள் திரட்டிய நினைவு நிதி திருநெல்வேலிச் சீமையில் பெண்களுக்கான ஆசிரியைப் பயிற்சி நிறுவனமாயிற்று. பாளையங்கோட்டையில் அது வளர்ந்து 1895-இல் கல்லூரியானது. சாராள் தக்கர் கல்லூரியில் படித்து வெளியே வந்த பெண்களின் தலைமுறைகளை எண்ணிப் பாருங்கள். தக்கர் குடும்பத்துக் கொடிவழியில் சாராளின் பெயருக்குக் கீழே கோடு எதுவும் இராது.

ஆகவே குடும்ப வரலாறு எழுத வருகிற மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கொடிவழிப் படத்தை வரைந்து முடித்த பிறகு, மணமாகாத ஒவ்வொரு பெண்ணிடமிருந்தும் வேறு நிறத்தில் கோடு இழுங்கள். அவர் யாருடைய வீட்டைத் தாங்கினார், யாரைப் படிக்கவைத்தார், யாருக்குப் பணம் எழுதிவைத்தார், யாருடைய கடிதங்களைப் பாதுகாத்தார் என்று உயிலையும் கணக்கெடுப்பையும் கடிதங்களையும் வைத்து ஒவ்வொரு கோட்டுக்கும் சான்று எழுதுங்கள். ஹாவர்த்திலும் கேம்பிரிட்ஜிலும் பாளையங்கோட்டையிலும் அந்தக் கோடுகள் எவ்வளவு தூரம் போயின என்று பார்த்தோம். புகழ்பெறாத குடும்பங்களிலும் அவை போயிருக்கும். அந்தப் பெண்களின் பெயரைச் சொல்லி, அவர்கள் செய்ததை அவர்கள் கணக்கிலேயே எழுதுவது வரலாற்று மாணவரின் கடமை.